தம் குரலைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாத செம்பை பாகவதர்

கேரளத்துக்குத் தமிழர்கள் பல வழிகளில் வந்தார்கள். மூணாறு, பள்ளிவாசல், தேவிகுளம் மலைகளுக்குக் கங்காணிகளின் பின்னால் தேயிலைத் தோட்ட வேலை தேடி வந்தவர்கள் ஒரு சாரார். ரயில்வேயிலும் பாங்குகளிலும் கம்பெனி ஆபீஸ்களிலும் குமாஸ்தா வேலை கிடைத்து வந்தவர்கள் இன்னொரு சாரார். இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்னதாகவே, தஞ்சைச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பாரதப்புழைக் கரையோரம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், கோயிலில் இரண்டும் என்று வாழ்ந்த அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர்தான் செம்பை வைத்தியநாத பாகவதர்.

கர்நாடக சங்கீத உலகில் அரியக்குடி, மகாராஜபுரம், முசிறி, செம்மங்குடி என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே பாடகரின் முகம் நினைவுக்கு வரும். அந்த வரிசையில் செம்பையும் ஒன்று. மற்ற ஊர்கள் எல்லாம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. செம்பை மட்டும் பாலக்காட்டுக்கு அருகே, கோட்டாயியை ஒட்டி, வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு கேரளத்துச் சிற்றூர். அந்த ஊரின் பெயரைச் சென்னை வரைக்கும், அங்கிருந்து தென்னாடு முழுமைக்கும் கொண்டு சென்றது ஒரு மனிதரின் சாரீரம். அந்தச் சாரீரம் ஒரு நாள் அவரைக் கைவிட்டது. பிறகு திரும்பி வந்தது. இடையே நேர்ந்த அந்தச் சோதனைதான் அவர் வாழ்க்கையின் நடுப்புள்ளி.

குடும்பமும் பாடமும்

வைத்தியநாதன் 1896 ஆம் ஆண்டு கிருஷ்ண ஜெயந்தி நாளில் பிறந்தார். தந்தை அனந்த பாகவதர். தாயார் பார்வதி அம்மாள். தந்தை வாய்ப்பாட்டிலும் வயலினிலும் தேர்ந்தவர். முன்னோர்களில் சுப்பய்யர் என்பவர் சக்ரதானம் பாடுவதில் பெயர் பெற்று, அதையே அடைமொழியாகவும் கொண்டிருந்தவர். ஆகவே சங்கீதம் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் சங்கீதம் இருந்த வீடுகளில் எல்லாம் செல்வமும் இருந்தது என்று சொல்வதற்கில்லை. கோயில் உற்சவங்களையும் பஜனை மடங்களையும் கல்யாண வீடுகளையும் நம்பியே அன்றைய கிராமத்துப் பாகவதர்கள் காலம் தள்ளினார்கள்.

வைத்தியநாதனுக்கு மூன்று வயதிலேயே தந்தை பாடம் தொடங்கிவிட்டார். தம்பி சுப்பிரமணியனும் உடன் கற்றார். மகனுக்குத் தந்தையே குரு என்னும்போது பாடத்துக்கு நேரம் காலம் கிடையாது. விடியற்காலையில் எழுந்து சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று மூன்று காலத்திலும் பாடவேண்டும். சுருதி விலகினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். பிறகு கீதம், வர்ணம், கிருதி என்று படிப்படியாக ஏறவேண்டும். அன்றைய குருகுல முறை இதுதான். புத்தகத்தைப் பார்த்துப் பாடும் வழக்கம் இல்லை. காதால் கேட்டதைத் தொண்டையில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

இளமையில் அவர் வாய்ப்பாட்டோடு நிற்கவில்லை. வயலினும் புல்லாங்குழலும் பழகினார். வில்லைப் பிடித்தவனுக்குத்தான் பக்கவாத்தியக்காரரின் சிரமம் தெரியும். பிற்காலத்தில் மேடையில் தம்முடன் அமர்ந்தவர்களை அவர் நடத்திய விதத்துக்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் எனலாம்.

ஒற்றப்பாலத்தில் அரங்கேற்றம்

1904 ஆம் ஆண்டு, எட்டு வயதில், ஒற்றப்பாலம் கிருஷ்ணன் கோயிலில் வைத்தியநாதனின் அரங்கேற்றம் நடந்தது. அதன் பின் அண்ணனும் தம்பியும் சேர்ந்து அக்கம்பக்கத்துக் கோயில்களில் பாடலானார்கள். குருவாயூர், வைக்கம் போன்ற பெரிய ஸ்தலங்களிலும் சிறுவயதிலேயே பாடும் வாய்ப்புக் கிடைத்தது.

அன்றைய கோயில் கச்சேரி என்பது இன்றைய சபா கச்சேரி அல்ல. ஒலிபெருக்கி கிடையாது. திறந்த வெளி. ஒரு பக்கம் யானை நிற்கும். இன்னொரு பக்கம் செண்டை, கொம்பு, இலைத்தாளம் முழங்கும் மேளம் அப்போதுதான் ஓய்ந்திருக்கும். குழந்தைகள் அழும், கடைக்காரர்கள் கூவுவார்கள். இத்தனைக்கும் நடுவே கடைசி வரிசையில் நிற்பவன் காதில் பல்லவியின் ஒவ்வோர் எழுத்தும் விழவேண்டும். வாயைப் பாதி மூடிக்கொண்டு நெளிவு சுளிவுகளை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள்.

செம்பையின் பாட்டு இந்தச் சூழலில் உருவானது. வாயை நன்றாகத் திறந்து, அடிவயிற்றிலிருந்து எழுப்பும் நாதம். வெண்கல மணியைத் தட்டியது போன்ற கார்வை. சாகித்தியம் தெளிவாகக் கேட்கும். தாளம் கல்லில் செதுக்கியது போல் இருக்கும். சங்கீத சாஸ்திரம் தெரியாத உழவனும் தலையாட்டுவான், தெரிந்த வித்வானும் தலையாட்டுவான். இந்த இரண்டு பேரையும் ஒரே பாட்டில் திருப்தி செய்வது லேசான காரியம் அல்ல. அவருக்கு அது சிறுவயதுப் பழக்கத்தால் வந்தது.

சென்னைப் பிரவேசம்

பாலக்காடு அந்நாளில் மலபார் ஜில்லாவில் இருந்தது. மலபார் ஜில்லா சென்னை ராஜதானியின் ஒரு பகுதி. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் ரயில் பாதை 1862 ஆம் ஆண்டே போடப்பட்டிருந்தது. ஆகவே பாலக்காட்டுக்காரருக்குச் சென்னை வெளியூர் அல்ல, தம் ராஜதானியின் தலைநகரம். படித்தவர்கள் குமாஸ்தா வேலைக்கு அங்கே போனார்கள். சமையல் தெரிந்தவர்கள் ஹோட்டல்களுக்குப் போனார்கள். பாடத் தெரிந்தவர்கள் சபாக்களைத் தேடிப் போனார்கள்.

வைத்தியநாத பாகவதர் 1918 ஆம் ஆண்டு சென்னையில் முதன்முதலாகப் பாடினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பட்டணத்து ரசிகர்கள் லேசில் மசிகிறவர்கள் அல்லர். தஞ்சாவூர்ப் பாணி, கும்பகோணம் பாணி என்று தரம் பிரித்துக் கேட்கிறவர்கள். அவர்கள் முன்னே மலையாளக் கரையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் உட்கார்ந்து பாடி வெற்றி பெற்றார். ஒரு கச்சேரி பல கச்சேரிகளுக்கு வழி திறந்தது.

அடுத்த இருபது ஆண்டுகள் அவருக்கு ஏறுமுகம். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் முசிறி சுப்பிரமணிய ஐயரும் கொடி கட்டிப் பறந்த காலம் அது. அவர்களுக்குச் சமமான வரிசையில் செம்பையின் பெயரும் விளம்பரத் தாள்களில் இடம் பெற்றது. முப்பதுகளில் கிராமபோன் தட்டுகள் வந்தன. பிறகு வானொலி வந்தது. தட்டும் வானொலியும் எட்டிய இடமெல்லாம், கச்சேரிக்குப் போக வசதியில்லாத வீடுகளிலும் அவர் குரல் ஒலித்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் வாதாபி கணபதிம் கிருதியை அவர் பாடக் கேட்டவர்கள் பிறகு அந்தப் பாட்டை அவர் பெயரோடு சேர்த்தே நினைத்தார்கள்.

பாட்டின் நடுவே எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கிருந்து நிரவலோ ஸ்வரமோ தொடங்கிப் பாடக்கூடிய ஆற்றல் அவருக்கு இருந்தது. நிரவல் என்றால் சாகித்தியத்தின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, தாளக்கட்டை மீறாமல் ராகத்தின் பல சாயல்களில் திரும்பத் திரும்பப் பாடுவது. பொதுவாக ஒவ்வொரு கிருதியிலும் அதற்கென்று வழக்கமான இடம் உண்டு. அந்த இடத்துக்கு வரும்போது பக்கவாத்தியக்காரர்கள் தயாராக இருப்பார்கள். செம்பைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எதிர்பாராத எழுத்திலிருந்து தொடங்குவார். கணக்கு தவறாமல் அதே எழுத்தில் வந்து இறங்குவார்.

பக்கத்தில் அமர்ந்தவர்கள்

இப்படிப்பட்ட பாட்டுக்குச் சளைக்காத பக்கவாத்தியம் வேண்டும். அதற்குக் கிடைத்தவர் மைசூர் சௌடையா. ஒலிபெருக்கி பரவாத அந்நாளில், பெரிய கொட்டகைகளில் வயலினின் நாதம் கடைசி வரிசைக்கு எட்டுவது கஷ்டம். சௌடையா இதற்கு ஒரு வழி கண்டார். நான்கு தந்தி வயலினில் மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலின் ஆக்கினார். செம்பையின் கண்டத்துக்கு ஈடுகொடுக்கும் வாத்தியமாக அது அமைந்தது. இருவரும் பல ஆண்டுகள் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். கன்னடம் பேசும் சௌடையாவும், தமிழும் மலையாளமும் பேசும் செம்பையும் நெருங்கிய நண்பர்களானார்கள்.

மிருதங்கத்துக்கு ஒரு சிறுவன் கிடைத்தான். பாலக்காட்டை அடுத்த பழையன்னூரில் 1912 ஆம் ஆண்டு பிறந்த மணி என்ற பையன். பாகவதர் ஒருவரின் பிள்ளை. அவனுடைய விரல்களில் இருந்த வேகத்தையும் சுத்தத்தையும் கண்டு, செம்பை 1924 ஆம் ஆண்டு அவனைச் சென்னை எழும்பூர் ஜகந்நாத பக்த சபாவில் தம் கச்சேரிக்கு வாசிக்க வைத்தார். பன்னிரண்டு வயதுப் பையனை நம்பிச் சென்னை மேடை ஏறுவது எந்தப் பாடகருக்கும் துணிச்சலான காரியம். பையன் தடுமாறினால் பழி பாடகர் தலையில்தான் விழும். செம்பை அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் பாலக்காடு மணி ஐயர் என்று மிருதங்கத்துக்கே மறுபெயர் ஆனவர். செம்பை, சௌடையா, மணி ஐயர் மூவரும் சேர்ந்த கச்சேரி என்றால் டிக்கெட்டு கிடைப்பது அரிது என்ற நிலை வந்தது. மிருதங்க வித்வான் ஒருவருக்கு முதன்முதலாகச் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது 1966 ஆம் ஆண்டு மணி ஐயருக்குத்தான். அந்த நீண்ட பயணத்தின் முதல் படிகளில் ஒன்று எழும்பூரில் செம்பை போட்டுக் கொடுத்தது.

புதியவர்களை மேடைக்குக் கொண்டு வருவதோடு அவர் நிற்கவில்லை. அவர்கள் நன்றாக வாசித்தால் கச்சேரி நடுவிலேயே எல்லோரும் கேட்கும்படி பாராட்டுவார். பாடகரைக் காட்டிலும் பக்கவாத்தியக்காரருக்குக் கைதட்டல் அதிகமாக விழுந்தாலும் முகம் சுளிக்கமாட்டார்.

குரல் போன காலம்

பேரும் புகழும் உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு நாள் செம்பையின் குரல் போயிற்று. ஜலதோஷம், தொண்டைக் கட்டு என்று ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும் கோளாறு அல்ல. கூட்டத்தின் கடைசி வரிசை வரை எட்டிய நாதம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காமல் போனது. சிகிச்சைகள் நடந்தன. கச்சேரிகள் நின்றன.

பாடகனுக்குக் குரல்தான் முதல். நிலமோ கடையோ வைத்திருப்பவனுக்கு ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி உண்டு. கையால் உழைப்பவனுக்கு ஒரு கை போனாலும் மறு கை இருக்கும். தொண்டை ஒன்றை மட்டுமே நம்பியவனுக்கு அது போனால் தொழிலும் போயிற்று, பெயரும் போயிற்று. மூன்று வயதிலிருந்து பாடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத ஒருவர், மௌனமாக வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் எப்படி நகர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். வயலின் கையில் இருந்தது, குழல் தெரியும். ஆனால் ஜனங்கள் கேட்க விரும்பியது செம்பையின் பாட்டைத்தான்.

குருவாயூர் கிருஷ்ணனிடம் அவருக்கு இளமை முதலே பக்தி உண்டு. வாத நோயால் அவதிப்பட்ட மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி பதினாறாம் நூற்றாண்டில் அந்தச் சன்னிதியில் நாராயணீயம் இயற்றி நோய் நீங்கப்பெற்றார் என்பது மலையாள நாட்டில் குழந்தையும் அறிந்த செய்தி. செம்பையும் அந்தச் சன்னிதியைச் சரணடைந்தார். ஆயுர்வேத சிகிச்சையும் பிரார்த்தனையும் சேர்ந்து நடந்தன. குரல் மெல்ல மெல்லத் திரும்பியது.

வைத்தியர்கள் அதை மருந்தின் பலன் என்பார்கள். பக்தர்கள் குருவாயூரப்பனின் கருணை என்பார்கள். பாகவதருக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. போன குரலைத் திருப்பித் தந்தவன் குருவாயூரப்பன். ஆகவே இந்தக் குரலால் வரும் வருமானம் அவனுக்கே உரியது என்று அவர் முடிவு செய்தார். அது முதல் கச்சேரிகளில் கிடைத்த சன்மானத்தைக் குருவாயூர் கோயிலுக்குச் சேர்ப்பிக்கலானார். தம் தேவைகளைச் சுருக்கிக்கொண்டார்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் பலர் உண்டு. உடம்பு குணமானதும் உண்டியலில் ஒரு தொகை போட்டுவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வார்கள். செம்பை கணக்கை முடிக்கவில்லை. கடைசிக் கச்சேரி வரைக்கும் அந்தக் கடன் நிலுவையில் இருப்பதாகவே நினைத்து வாழ்ந்தார்.

ஏகாதசியும் சொந்த ஊரும்

கார்த்திகை மாதத்தில் வரும் குருவாயூர் ஏகாதசி மலையாளக் கரையின் பெரிய விழாக்களில் ஒன்று. ஆண்டுதோறும் அந்நாளில் சன்னிதியில் சங்கீத ஆராதனை நடத்துவதை செம்பை தம் வழக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். சுமார் அறுபது ஆண்டுகள் அதைத் தாமே முன்னின்று நடத்தினார். தம் சிஷ்யர்களையும் நண்பர்களையும் அழைத்துப் பாட வைத்தார்.

சென்னையில் இத்தனை புகழ் இருந்தும், செம்பை கிராமத்தோடு இருந்த தொடர்பை அவர் அறுத்துக்கொள்ளவில்லை. ஊரில் உள்ள பார்த்தசாரதி கோயிலில் ஏகாதசி உற்சவம் அவருக்கு உயிர். பட்டணத்துப் பெரிய வித்வான்கள் எல்லாம் பஸ்ஸும் வண்டியும் பிடித்து அந்தக் குக்கிராமத்துக்கு வந்து பாடினார்கள். டிக்கெட்டு வாங்க முடியாத வயற்காட்டு ஜனங்கள், ஊர்க் கோயில் வாசலில் உட்கார்ந்தபடியே, தென்னாட்டின் தலைசிறந்த சங்கீதத்தைக் கேட்டார்கள்.

1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. சென்னை வேறு மாநிலத்தின் தலைநகரம் ஆயிற்று. எல்லைக்கோடு அவருடைய கச்சேரிப் பயணங்களைப் பாதிக்கவில்லை. தியாகராஜரின் தெலுங்கு, தீட்சிதரின் சமஸ்கிருதம், தமிழ்ப் பாடல்கள், இரயிம்மன் தம்பியின் மலையாளப் பதம் எல்லாம் அவர் மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மொழிப் பிரச்சினை சூடாக இருந்த அந்த ஆண்டுகளில் தமிழரும் மலையாளியும் அவரைத் தங்கள் பாடகர் என்றே கொண்டாடினார்கள்.

ஜாதியும் மதமும் கேட்காத குரு

செம்பையின் வாழ்நாளில் மலபாரில் கோயில் வாசல்கள் பெரிய போராட்டக் களமாக இருந்தன. தாழ்த்தப்பட்ட ஜாதியினருக்கும் பிற்பட்டோருக்கும் குருவாயூர் கோயிலில் நுழைய உரிமை வேண்டும் என்று கே. கேளப்பன் தலைமையில் 1931 ஆம் ஆண்டு சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏ. கே. கோபாலன் தொண்டர் படைக்குத் தலைவராக நின்றார். 1932 ஆம் ஆண்டு கேளப்பன் உண்ணாவிரதம் இருந்து, காந்தியடிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் அதை நிறுத்தினார். 1947 ஆம் ஆண்டில்தான் கோயில் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது.

சங்கீதத்துக்கும் இப்படி வாசல்கள் இருந்தன. எந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது, யாரைப் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதிலெல்லாம் ஜாதிக் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. வைதீகக் குடும்பத்தில் பிறந்த செம்பை, கற்றுக்கொள்ள வந்தவனிடம் சுருதி சேர்கிறதா என்றுதான் பார்த்தார்.

கோட்டயத்தைச் சேர்ந்த இரட்டையர் ஜயனும் விஜயனும் அவரிடம் வந்தார்கள். இவர்களுடைய தந்தை கோபாலன் தந்திரி, ஸ்ரீ நாராயண குருவின் சிஷ்யர். ஈழவ சமூகத்தைச் சேர்ந்த அந்தச் சகோதரர்களை செம்பை சிஷ்யர்களாக ஏற்றார். ஜய விஜய என்ற பெயரில் ஐயப்பன் பாடல்களால் தென்னாடெங்கும் அறியப்பட்டவர்கள் அவர்களே. சித்தூரில் பிறந்து தென்னிந்தியத் திரையுலகில் பெரும் புகழ் பெற்ற பி. லீலாவும் அவரிடம் பாடம் கேட்டவர். திருப்பூணித்துறை டி. வி. கோபாலகிருஷ்ணன் வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் தேர்ந்து அவர் வழியில் நின்றார். வயலின் வித்வான் வி. வி. சுப்பிரமணியமும் அந்தச் சிஷ்யர் குழாத்தில் ஒருவர்.

இவர்கள் எல்லோரைக் காட்டிலும் அதிகமாகப் பேசப்பட்ட சிஷ்யர் கே. ஜே. யேசுதாஸ். 1940 ஆம் ஆண்டு கொச்சிக் கோட்டையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை அகஸ்டின் ஜோசப் நாடகங்களில் பாடி நடித்தவர். திருப்பூணித்துறையில் சங்கீதம் படித்தார். மேற்படிப்புக்குத் திருவனந்தபுரம் போய்ப் பணக்கஷ்டத்தால் பாதியில் திரும்பினார். 1961 ஆம் ஆண்டு முதல் திரைப்பாடலைப் பாடினார். சினிமாவில் பெயர் வந்த பிறகும் கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்கவேண்டும் என்ற தாகம் தீரவில்லை. அந்தத் தாகத்தோடு செம்பையிடம் வந்தார்.

சினிமாப் பாடகர், அதிலும் கிறிஸ்தவர். கர்நாடக சங்கீத மேடையில் அந்நாளில் இந்த இரண்டுமே புருவத்தை உயர்த்த வைக்கும் விஷயங்கள். செம்பை அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டு பாடம் சொன்னார். தம் கச்சேரிகளில் பின்னால் உட்கார்ந்து பாட வைத்தார். பெரிய வித்வானின் பின்னே அமர்ந்து பாடுவது அந்தச் சம்பிரதாயத்தில் சிஷ்யனுக்குக் கிடைக்கும் அங்கீகாரம். சபையோருக்கு முன்னால் குரு செய்யும் அறிமுகம் அதுதான். 1974 ஆம் ஆண்டு குரு மறையும் வரை யேசுதாஸின் பாடம் நீடித்தது.

குருவாயூர் கோயிலில் பிற மதத்தவருக்கு அனுமதி இல்லை. அந்த விதி யேசுதாஸையும் வெளியே நிறுத்தியது. குருவாயூரப்பன் பாடல்களைக் கேரளத்தின் வீடுதோறும் கொண்டு சேர்த்த குரல் அந்தச் சன்னிதிக்குள் ஒலிக்க முடியவில்லை என்பது பலரையும் வருத்திய விஷயம். கோயில் விதியை மாற்றும் அதிகாரம் செம்பைக்கு இல்லை. தம் வீட்டு வாசல் அவர் கையில் இருந்தது, அதைத் திறந்து வைத்தார். அதற்கு நன்றியாக, குரு மறைந்த பிறகும் செம்பை கிராமத்து ஏகாதசி விழாவுக்கு யேசுதாஸ் ஆண்டுதோறும் வந்து பாடிக்கொண்டிருந்தார். நட்சத்திரப் பாடகராக உலகம் சுற்றிக்கொண்டிருந்த காலத்திலும் அந்தத் தேதியை அவர் மறக்கவில்லை.

பட்டங்கள்

சென்னை மியூசிக் அகாதமி 1951 ஆம் ஆண்டு செம்பைக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. மத்திய சங்கீத நாடக அகாதமியின் விருது 1958 ஆம் ஆண்டு கிடைத்தது. 1973 ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மபூஷண் வழங்கிற்று. எட்டு வயதில் கோயில் முற்றத்தில் பாடத் தொடங்கியவருக்கு எழுபத்தேழாவது வயதில் வந்த கௌரவம் அது.

பட்டங்கள் வந்தபோதும் அவருடைய நடை உடை பாவனை மாறவில்லை. சின்னக் கோயில்காரர்கள் வந்து கூப்பிட்டாலும் போய்ப் பாடினார். வயது ஏறியபோதும் பயணங்களைக் குறைத்துக்கொள்ளவில்லை.

கடைசிக் கச்சேரி

1974 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் தேதி. ஒற்றப்பாலம் பூழிக்குன்று கிருஷ்ணன் கோயிலில் செம்பை பாடினார். எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, சிறுவன் வைத்தியநாதன் தந்தையின் முன்னிலையில் அரங்கேறிய அதே ஊர், அதே கிருஷ்ணன். இடைப்பட்ட காலத்தில் இரண்டு உலகப் போர்கள் நடந்து முடிந்தன. வெள்ளைக்காரன் போனான். ராஜதானி போய் மாநிலம் வந்தது. கிராமபோன் வந்து, வானொலி வந்து, ஒலிநாடாவும் வந்துவிட்டது. பாடியவருக்கு வயது எழுபத்தெட்டு.

அன்றைய கச்சேரியை இரயிம்மன் தம்பி இயற்றிய கருணா செய்வான் என்ற மலையாளப் பாடலோடு நிறைவு செய்தார். கிருஷ்ணனிடம் கருணையை வேண்டும் பாடல் அது. யதுகுல காம்போஜி ராகத்தில் அவர் அதைப் பாடும் விதத்துக்காகவே ரசிகர்கள் காத்திருந்து கேட்பது வழக்கம். கச்சேரி முடிந்து, சிஷ்யரான ஒளப்பமண்ண வாசுதேவன் நம்பூதிரிப்பாடுடன் பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று இதயம் நின்றது. படுக்கையில் கிடக்கவில்லை, பாட முடியவில்லையே என்று ஏங்கவில்லை. ஒரு முறை போய்த் திரும்பிய குரல், இரண்டாம் முறை அவரை விட்டுப் போகவேயில்லை.

விட்டுச் சென்றவை

அவர் நடத்தி வந்த ஏகாதசி சங்கீத ஆராதனையைக் குருவாயூர் தேவஸ்வம் ஏற்றுக்கொண்டது. செம்பை சங்கீதோற்சவம் என்ற பெயரில் ஏகாதசியை ஒட்டிப் பல நாட்கள் அது நடக்கிறது. ஆயிரக்கணக்கான பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கலந்துகொள்கிறார்கள். புகழ் பெற்றவர்களுக்கு முன்னால், முதன்முதலாக மேடை ஏறும் குழந்தைகளும் பாடுகிறார்கள். விழாவுக்கு முன்னர் அவருடைய தம்புராவைச் செம்பை கிராமத்திலிருந்து ஊர்வலமாக எடுத்து வந்து மேடையில் வைக்கிறார்கள். வழியெங்கும் ஜனங்கள் நின்று அதற்கு மரியாதை செய்கிறார்கள். வானொலியும் விழாவை ஒலிபரப்பி வந்திருக்கிறது.

பாலக்காட்டில் உள்ள அரசு இசைக் கல்லூரி அவருடைய நினைவாகப் பெயர் சூட்டப்பட்டு நடக்கிறது. நூற்றாண்டை ஒட்டி 1996 ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது. சிஷ்யர்களும் சிஷ்யர்களின் சிஷ்யர்களும் அவர் பாடமுறையைக் கொண்டு செலுத்துகிறார்கள்.

பிழைப்புக்காகச் சொந்த மண்ணை விட்டு வந்தவர்கள் சம்பாதிப்பதையும் சேர்ப்பதையும் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பது இயல்பு. செம்பையின் முன்னோர்களும் அப்படி வந்து குடியேறியவர்கள்தான். அந்த வம்சத்தில் வந்தவர் பாடிச் சம்பாதித்ததைக் கோயிலுக்குக் கொடுத்தார். பாடக் கற்றதை, இன்னார் என்று பார்க்காமல் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். புகழை ஊருக்குக் கொடுத்தார். பாலக்காட்டிலிருந்து கோட்டாயி போகும் பஸ்ஸில் செம்பைக்கு ஒரு டிக்கெட்டு என்று கேட்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பாகவதரின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.